இருபது ஏக்கர் பற்றைக்காடு

லண்டனில் இருந்துகொண்டு வன்னிக் காடு விற்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் அதைத்தான் செய்தேன். கிழமை நாட்களில் பெற்றோல் ஷெட்டில் வேலை, ஞாயிறுகளில் மனோர் பார்க் வீட்டு முன்னறையில் காணித் தரகு. சண்டை ஓய்ந்ததும் ஊருக்குப் போய்ப் பன்றி சுடலாம் என்று நம்பிய மடையர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். எட்மண்டன் ஞானரட்ணம் அவர்களில் முதல் ஆள்.

தொண்ணூற்று நான்கில், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரிலிருந்து சந்திரவதனா வந்தாள். முல்லைத்தீவுப் பக்கம் இருபது ஏக்கர் பற்றைக்காடு, அவளுடைய சீதனம். மானும் பன்றியும் தண்ணீருக்கு வருகிற இடம். மகள் சிவகௌரி கொழும்பு லொட்ஜ் ஒன்றில் தனியே இருந்தாள். பொலிஸ் இரண்டு தடவை பிடித்து விட்டிருந்தது. மூன்றாந் தடவை விடுவார்களா என்ற பயம் தாயைத் தின்றுகொண்டிருந்தது. காணி விலைப்பட்டால்தான் பிள்ளையை லண்டனுக்கு எடுக்கலாம்.

கணவன் பத்மநாதனின் கையெழுத்துத்தான் சிக்கல். எங்கள் தேசவழமைச் சட்டப்படி, கல்யாணமான பெண் தன் சீதனக் காணியைக்கூடக் கணவன் சம்மதமில்லாமல் விற்க முடியாது. அந்த மனிதரோ தொண்ணூறில் வேட்டைக்கென்று, மருந்து இடித்துச் சுடுகிற இடியன் துவக்கோடு அதே காட்டுக்குள் போனவர், திரும்பவில்லை. இறந்துவிட்டார் என்று பதிந்தால் சுலபம் என்றேன். அவள் நெற்றிப் பொட்டைத் தொட்டுக்கொண்டாள்.

"அவர் வருவார் அண்ணை. மோட்டச்சைக்கிளாலை விழுந்து காலிலை தகடு வைச்ச மனுசன். ஆறுதலாத்தான் நடப்பார்."

எனக்குப் பொறுமை கிடையாது. ஞானரட்ணம் வேறு காணி பார்க்கத் தொடங்கியிருந்தார். பத்மநாதனாக நானே கையெழுத்து வைக்கிறேன் என்றேன். நாங்கள் எல்லோரும் யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட்டில் வந்து இறங்கியவர்கள்தானே. பத்து நிமிடம் இரவல் பெயரில் இருப்பது எனக்குப் பெரிய பாவமாகத் தெரியவில்லை.

சட்டத்தரணி, பத்மநாதன் நீங்களா என்று கேட்டார். ஓம் என்றேன். பக்கத்தில் அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானரட்ணம் தந்த காசில், தை பிறக்குமுன் சிவகௌரி லண்டன் வந்து சேர்ந்தாள். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஆண்டு சண்டை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் ஞானரட்ணத்தின் தம்பி காணியைத் துப்பரவாக்கினான். அந்தப் புதினத்தைச் சொல்ல ஞானரட்ணம் வீட்டுக்கே வந்தார்.

"பற்றையை வெட்ட ஒரு பாழுங்கிணறு வந்ததாம். உள்ளுக்கை துருப்பிடிச்ச இடியனும் எலும்பும். கால் எலும்பிலை ஆறு ஆணியோடை ஒரு தகடு. ஆரோ பாவம். கிணத்தை மண் போட்டு மூடச் சொல்லிப்போட்டன்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பார்க்கிங்குக்குப் போனேன். அவள் கோயிலுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றாள். குசினிக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"செத்தது தொண்ணூறிலை எண்டால் போன வருசம் கையெழுத்து வைச்சது ஆர் எண்டு கேப்பினம்," என்றாள். "காணி உறுதி செல்லாமப் போகும். கள்ளக் கையெழுத்து எண்டு தெரிஞ்சால் பிள்ளையின்ரை அகதிக் கேசும் போகும். நான் அழக்கூட ஏலாது அண்ணை."

மேல்மாடியில் சிவகௌரி தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாதபடி தாய் குழாயைத் திறந்துவிட்டாள். முகம் கழுவினாள். பிறகு கண்ணாடி பார்த்து, முன்னையதைவிடப் பெரிதாகப் பொட்டு வைத்தாள்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் முருகன் கோயிலுக்குப் போனோம். ஐயர் யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். மகள் பக்கத்தில் நின்றாள். சந்திரவதனா குரல் நடுங்காமல் பத்மநாதன், அனுச நட்சத்திரம் என்றாள். ஐயர் அவருக்குத் தீர்க்காயுள் வேண்டி மந்திரம் சொன்னார்.

ஐயரிடமிருந்து திரும்பியவள், திருநீறும் பூவும் இருந்த தட்டை மகளுக்குக் கேட்காத தூரத்தில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"அவருக்கெண்டு செய்தது. நீங்கள்தானே சட்டத்தரணியிட்டை ஓம் எண்டு சொன்னனீங்கள். எடுங்கோ."

எடுத்துப் பூசிக்கொண்டேன்.