தரையில் கிடந்த கலசம்

தாஜ்கஞ்ச் சந்துகளில் எங்கு நின்று அண்ணாந்தாலும் தாஜின் பளிங்குக் குவிமாடத்தின் உச்சியில் கலசம் தெரியும். பில்கீஸ் தன் வீட்டு மொட்டை மாடியில் நின்று கட்டைவிரலை உயர்த்தினால் போதும். அதன் பின்னால் கலசம் முழுவதும் மறைந்துவிடும். அந்த அளவை நம்பித்தான் அங்கே ஏறி வேலை செய்ய அவள் தன் கணவருக்குச் சம்மதம் கொடுத்திருந்தாள்.

கணவர் இஸ்ரார், சாரம் கட்டுபவர். மூன்றாண்டுகளுக்கு முன் சிக்கந்தராவில் ஏணியிலிருந்து விழுந்து அவருடைய அண்ணன் இறந்துபோனார். அன்றே பில்கீஸ் இவரிடம் சத்தியம் வாங்கினாள்: சாரம் இல்லாத இடத்தில் கால் வைப்பதில்லை. இவரும் மகளின் தலைமீது கைவைத்துச் சொன்னார். இப்போது குவிமாடத்தில் பழுதுபார்க்கும் வேலை. உச்சியில் கவிழ்ந்திருக்கும் கல் தாமரை வரைக்கும் சாரம் எழும்பிவிட்டது. மறுநாள் காலை கலசத்தின் இணைப்புகளை முறுக்க வேண்டும்.

"சாரத்துல நின்னபடி கைய நீட்டினா கலசத்து நுனியில இருக்கிற பிறை எட்டிரும். ரெண்டு தண்ணிக்குடத்த ஒண்ணுமேல ஒண்ணு வெச்ச மாதிரி, அவ்வளவுதான்" என்று அவர் சொல்லியிருந்தார்.

அன்று நண்பகல், ரொட்டியும் கத்தரிக்காய்க் கூட்டும் கட்டிக்கொண்டு பில்கீஸ் வேலை நடக்கும் இடத்துக்கு வந்தபோது இஸ்ரார் இன்னும் இறங்கவில்லை. காவலர் அவளைக் கிழக்குப் பக்கம், விருந்தினர் மண்டபத்தின் முன் காத்திருக்கச் சொன்னார். இதுவரை மூங்கில்கள் குவிந்து கிடந்த முற்றம் அது. கடைசி மூங்கிலும் மேலே போய்விட்டதால் தரை வெறுமையாக இருந்தது. அவள் காலடியில் கருங்கல் பதித்த ஏதோ ஒரு வடிவம் நீண்டு சென்றது.

கயிறு இழுக்கும் ரம்ஜானி சுவரோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கலசத்தோட வயித்துல மிதிக்கிறீங்க."

கலசத்தைப் போய் இவ்வளவு பெரிதாகவா வரைவார்கள் என்று அவள் சிரித்தபடி கேட்டாள்.

"பெருசா வரையல அண்ணி. மேல எவ்வளவோ, இங்கயும் அச்சு அசலா அவ்வளவேதான். நேத்துதான் எனக்கே காவக்காரர் சொன்னாரு."

பில்கீஸின் சிரிப்பு பாதியில் நின்றது. அடியிலிருந்து குதிகாலோடு விரல் ஒட்ட நடந்து பார்த்தாள். ஒரு குடம், கழுத்து, மற்றொரு குடம், பிறகும் நீண்ட தண்டு. பிறையின் நுனியைத் தொட்டபோது நாற்பது அடிவைப்புகள் ஆகியிருந்தன. அண்ணாந்து பார்த்தாள். நாற்பது அடிவைப்பு அங்கே ஒரு விரற்கடையாக மின்னியது. அப்படியென்றால் அதைத் தாங்கும் குவிமாடம்? அதைத் தாங்கும் சுவர்? பிறந்தது முதல் பார்த்துவந்த கட்டடம் அவள் கண்ணெதிரே மளமளவென்று வளர்ந்து வானத்தை அடைத்தது. எதை எதற்கு இசைவாக வைத்தால் பிரம்மாண்டம் கண்ணுக்குத் தெரியாது என்று அறிந்தவர்கள் கட்டியது அது.

இஸ்ரார் இறங்கி வந்தார். அவள் சத்தம் போடவில்லை. தரைக் கலசத்தின் அடியில் காலை வைத்து மல்லாந்து படுக்கச் சொன்னாள்.

"எல்லாரும் பாக்குறாங்க பில்கீஸ்."

"படுங்க."

அவர் படுத்தார். அவருடைய தலை, அடியிலிருந்த குடத்தின் கழுத்தைக்கூட எட்டவில்லை.

"எந்தக் கைய நீட்டப் போறீங்க?"

விஷயத்தை ரம்ஜானி விளக்கினான். இஸ்ரார் தலையைத் திருப்பி, தமக்கு மேலே நீண்டு கிடந்த கருங்கல் கோட்டைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. தாமரைமேல் நின்றபோது குடத்தின் வயிறு மற்றதையெல்லாம் மறைத்திருந்தது. அவரும் அதன் முழு உயரத்தைக் கண்டதில்லை.

கூட்டத்தைப் பார்த்து மேற்பார்வையாளர் பட்நாகர் வந்தார். இங்கு மாற்றலாகி ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. நுனிவரை சாரம் வேண்டும் என்று இஸ்ரார் தயங்கித் தயங்கிக் கேட்டதும் அவர் புருவத்தை உயர்த்தினார்.

"நேத்து நீதானேப்பா சொன்னே, பன்னிரண்டடி ஏணி போதும், ஏறி முடிச்சிடறேன்னு?"

பில்கீஸ் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏணியைக் கொண்டுவந்து கல்லின்மேல் கிடத்தினார்கள். அது பாதியைக்கூடத் தொடவில்லை. பட்நாகர் பிடரியைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு யாரும் ஏற வேண்டாம், மூங்கில் வரட்டும் என்று சொல்லிவிட்டு விலகினார்.

"கை எட்டும்னு சொன்னீங்க" என்றாள் பில்கீஸ்.

"ஏணின்னு சொன்னா நீ பயப்படுவியேன்னு..."

"என் பயத்துக்காகத்தானே சத்தியமே வாங்கினேன்."

பில்கீஸ் சாப்பாட்டு மூட்டையை ரம்ஜானியின் கையில் கொடுத்தாள். "அவருக்கு நீங்களே போட்டுக் குடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். ரம்ஜானி மூட்டையை இரு கைகளாலும் பிடித்தபடி இஸ்ராரைப் பார்த்தான்.