வேனுக்கு முன்னால் அம்மா

பிப்ரவரி 15, சனி. ஒரு பிழை. ஓட்டத் திட்டத்தில் மேம்பாலத்தை ஒருமுறைதான் கணக்கில் எடுத்திருக்கிறேன். போன வழியிலேயே திரும்பி வர வேண்டும் என்பதால் பாலம் இரண்டு முறை வரும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எழுதி முடித்துப் பேனாவை மூடினாள் மகள். பகலில் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை, மாலையில் கணக்கியல் வகுப்பு. பிறர் கணக்கில் பத்துக் காசு உதைத்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். ஏறிப்போன பாலத்தில் ஏறித்தான் திரும்ப வேண்டும் என்பது மட்டும் இரண்டு மாதமாக அவள் கண்ணில் படவே இல்லை.

அடுத்த அறையில் அம்மா கண்ணாடியைப் பார்த்து எண் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயது. கீழ்த்தளத்தில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். போன வருடம் வேறு பாதையில் நடந்த இதே இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்தில், கடைசி ஆளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் வேன் அவளைத் தாண்டிவிட்டது. வேன் யாரைத் தாண்டுகிறதோ அவர் ஆட்டத்தில் இல்லை. ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். அன்றிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொருத்தியும் கழுத்தில் துணியைக் கட்டியதுமே ஆரம்பித்துவிடுவாள்: "என்னக்கா, இந்த வருஷமும் வேன் டிக்கெட் எடுத்தாச்சா?" கையில் கத்தரிக்கோல் இருப்பதால் அம்மா பொறுமையாகவே இருந்தாள். ஆனால் இந்தத் தடவை சொந்தக் காலில் கோட்டைத் தாண்டாமல் கடைக் கண்ணாடிகளுக்கு முன்னால் நிற்பதில்லை என்று முடிவெடுத்திருந்தாள்.

"பாலம் ஒண்ணுதானேடி?" என்று அங்கிருந்தே கேட்டாள். "அதை மட்டும் தாண்டிட்டா மீதியை உருண்டுகிட்டே போயிடுவேன்."

"தூங்கும்மா. விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கணும்" என்றாள் மகள். அது பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

காலையில் சித்தியும் சேர்ந்துகொண்டாள். மூன்று பேருக்கும் ஒரே நிறத்தில் சட்டை எடுத்தது சித்திதான். முடிவுக் கோட்டை மூன்று பேரும் கைகோத்துத் தாண்ட வேண்டும், போட்டோவில் பல் தெரிய வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. "செத்தாலும் கையை விடக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். நாலாவது கிலோமீட்டரில் சித்தியையே காணவில்லை.

மகள் முன்னால் ஓடினாள். வேகத்தை அவள்தான் பிடிக்க வேண்டும், அம்மா பின்னாலேயே வர வேண்டும் என்பது திட்டம். இரண்டாவது ஏற்றத்துக்கு நேரம் மிச்சம் பிடிக்க நினைத்துத் திட்டத்தில் இருந்ததைவிடக் கூடுதலாகவே இழுத்தாள்.

"ஏண்டி, யாரு துரத்துறா உன்னை?"

"நல்லாத்தானே போறோம், வா."

பாலத்தில் ஏறி இறங்கினார்கள். ஆற்றோரச் சாலையின் கடைசியில் வட்டமடித்துத் திரும்பினார்கள். பாலம் மறுபடி தெரிந்ததும் அம்மாவின் கால் ஒரு கணம் தயங்கியது.

"இது என்ன?"

"பாலம்தான். திரும்பவும் ஏறணும். தப்பாக் கணக்குப் போட்டுட்டேன். நேத்தே தெரியும்."

அம்மா மூச்சை இழுத்து விட்டாள். "நேத்தே சொல்லியிருந்தா நேத்தே திட்டி முடிச்சிருப்பேன். இப்ப மூச்சை வேற செலவு பண்ணணும்."

திட்டும் முன் மகள் "ஆ" என்று அலறிக்கொண்டு தடுப்புச் சுவரைப் பிடித்தாள். ஆடுதசை கல்லாக இறுகிவிட்டது. அவளுடைய கால் அந்த வேகத்துக்குப் பழகியதல்ல. வகுப்பு இருந்த மாலைகளில் எல்லாம் அம்மா தனியாகத்தான் ஓடிப் பழகினாள். அம்மா குனிந்து தசையை அழுத்தினாள், பாதத்தை மடக்கினாள். மகள் எழுந்து இரண்டடி வைத்து மறுபடி உட்கார்ந்தாள்.

தூரத்தில் வேனின் மஞ்சள் விளக்கு சுழன்றது.

அம்மா அதைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பாலத்தைப் பார்த்தாள்.

"எலும்புல ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. பிடிப்புதான்."

"அப்ப நான் போறேன்."

திரும்பிப் பார்க்காமல் போனாள். தன்னோடு நின்றுவிடுவாள் என்று மகள் நினைத்திருந்தாள். போகச் சொல்ல வேண்டியவள் தான்தான் என்றும் நினைத்திருந்தாள். சொல்வதற்கு அவளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

வேன் வந்து நின்றது. கதவைத் திறந்தால் முதல் இருக்கையில் சித்தி, மடியில் பிஸ்கட் பொட்டலம்.

"வாடி கண்ணு. ஜன்னலோரம் உனக்குத்தான் பிடிச்சு வச்சிருக்கேன். அக்கா எங்கே?"

மகள் முன் கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டினாள். ஏற்றத்தின் பாதியில் அவர்களுடைய சட்டை நிறம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. சாலையில் வேறு யாருமே இல்லை. வேன் ஊர்ந்தது. ஊர்ந்தபோதும் அம்மாவின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"தம்பி, டயர்ல காத்து கம்மியா இருக்கற மாதிரி இல்ல? இறங்கிப் பாருங்களேன்" என்றாள் சித்தி.

ஓட்டுநர் சிரித்தார். "எல்லா வருஷமும் யாராவது ஒருத்தர் டயரைப் பத்திக் கவலைப்படுறீங்கம்மா. எனக்குக் கொடுத்த வேகத்துல நான் போயாகணும். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

பாலத்தின் உச்சியில் வேனின் மூக்கு அம்மாவுக்கு ஒரு வண்டி நீளம் பின்னால் இருந்தது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏறிக்கிறீங்களாம்மா?"

"பின்னாலேயே வா தம்பி" என்றாள் அம்மா திரும்பாமலே. "வழி தெரியாம எங்கேயாவது போயிடாதே."

மகளும் ஜன்னலைத் திறந்து "அம்மா" என்று கூப்பிட்டாள். குரலை அடையாளம் கண்டுகொண்டு அம்மா கேட்டாள்: "ஏய், இப்படியே போனா நேரம் பத்துமா?"

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள் மகள். மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஏற்கெனவே ஒரு தடவை தவறிய கணக்கு; இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். விடை மாறவில்லை. பத்தும் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. நேற்றும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டாள்.

"பத்தாதும்மா. இந்த வேகத்துல போனா முடிவுக் கோட்டுக்கிட்ட வச்சு வேன் பிடிச்சிடும்."

சித்தி அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "பாவி! ஓடுறவகிட்ட இப்படியா சொல்லுவே?"

இறக்கம் தொடங்கியது. அம்மா தோளை ஒருமுறை உதறிக்கொண்டாள், உடம்பை முன்னால் சாய்த்தாள், இறக்கத்தின் கையில் கால்களை ஒப்படைத்தாள். வலது கால் கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் விழுந்தது. ஆனாலும் வேனுக்கும் அவளுக்கும் நடுவே சாலை நீண்டது. சமதளம் வந்ததும் அந்த இடைவெளி மறுபடி சுருங்கத் தொடங்கியது. சித்தி பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டு முன் இருக்கையைப் பிடித்து ஆட்டினாள். வேகமுள் நடுங்காமல் ஒரே இடத்தில் நின்றது. மகள் பிடிப்பு இருந்த காலின் விரல்களை மடக்கித் தரையில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

அலங்கார வளைவுக்குக் கீழே போட்டிருந்த முடிவுக் கோட்டை அம்மா மிதித்தபோது வேனின் நிழல் அவள் குதிகாலில் விழுந்துகிடந்தது. ஆனால் முதலில் விழுந்தது அவள் கால்.

அவர்கள் இறங்கி வரும்போது அம்மா நடைபாதை ஓரத்தில் ஒரு ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பெருவிரல் நகம் கறுத்திருந்தது. கழுத்துப் பதக்கத்தை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"கையை விடாதேன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் சித்தி.

"நீ நாலாவது கிலோமீட்டர்லயே விட்டுட்டே. பேசாதே."

மகள் நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா பாட்டிலை நீட்டினாள்.

"விட்டுட்டு வந்துட்டேன்னு கோவமா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும். அங்கேயே நின்னிருந்தா என் கோவம் இதைவிடப் பெரிசா இருந்திருக்கும்." பிறகு அவளுடைய காலைத் தன் மடியில் இழுத்துப் போட்டு ஆடுதசையை அழுத்தத் தொடங்கினாள். நகம் கறுத்த தன் விரலை மறந்துவிட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு. அம்மா முடித்தாள். நான் முடிக்கவில்லை. நாளை காலை ஒன்பது மணிக்குக் கடையில் முதல் ஆள் வருகிறார். அம்மாவால் நிற்க முடியாது. சமையலறையிலிருக்கும் உயரமான முக்காலியைக் கீழே இறக்கி, கண்ணாடிக்கு முன்னால் போட வேண்டும்.