கழற்றாத பலகை

பன்னிரண்டு மாடியையும் ஐம்பது தடவை ஏறுவதாக லிஃப்ட் மெக்கானிக் வாக்குக் கொடுத்திருந்தான். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் குடியிருப்புக்காரர்கள் இதய நோய் ஆராய்ச்சிக்கு ஆளுக்குக் கொஞ்சம் தருவதாக ஏற்பாடு. ஏறுவது படியில், இறங்குவது லிஃப்டில் என்று விதி. இவனோ இறங்குவதும் படியில்தான். "தான் பாக்குற லிஃப்ட் மேல தனக்கே நம்பிக்கை இல்ல போல!" என்று காவலாளி கேலி செய்தார். அவனும் சிரித்து வைத்தான்.

கீழே ஸ்டூலில் உட்கார்ந்து கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தவள் அவன் அண்ணி. போன வருடம் இதே படிக்கட்டில், ஒன்பதாவது மாடித் திருப்பத்தில் இதயம் நின்று விழுந்து இறந்துபோன அண்ணனின் மனைவி.

அன்று காலை லிஃப்டைச் சரிசெய்தது இவன்தான். வேலை தொடங்குமுன் 'பழுது' பலகையை மாட்ட வேண்டும், ஓட்டிப் பார்த்ததும் கழற்ற வேண்டும். அந்தத் தொழிலின் அரிச்சுவடியே இதுதான். ஓட்டிப் பார்த்தான், பதிவேட்டில் கையெழுத்தும் போட்டான், அடுத்த கட்டிடத்துக்குப் போய்விட்டான். பலகை மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. தம்பி மாட்டிய பலகையை அண்ணன் நம்பாமல் வேறு யார் நம்புவார்? பையைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டார். சாயந்திரம் உடலை இறக்கிய கூட்டத்தில், பலகையைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான் பாவி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

படி ஏறாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அண்ணியும் பக்கத்தில் இருக்க டாக்டரைக் கேட்டான். "சொல்ல முடியாதுப்பா. இந்த மாதிரி இதயம் சும்மா உக்காந்திருந்தாலும் நின்னுடும். ஏன்னு இன்னும் தெரியல" என்றார். அந்தத் 'தெரியல'தான் ஒரு வருடமாக அவனைத் தூங்கவிடவில்லை.

முப்பத்தெட்டாவது தடவை இறங்கியபோது முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. காவலாளி சாப்பிடப் போயிருந்தார். கடைசிப் படியில் உட்கார்ந்தவன் தலையை நிமிர்த்தவில்லை.

"அண்ணி, அன்னைக்கு லிஃப்ட் ஓடுச்சு. பலகையக் கழட்ட நான்தான் மறந்துட்டேன்."

"தெரியும் தம்பி."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போன் வந்ததும் வேலையிலேருந்து ஓடி வந்தேன். பலகை தொங்கிட்டுதான் இருந்துச்சு, அந்த அவசரத்துல அதை யாரு மதிச்சா? பட்டனை அமுக்கினேன், கதவு திறந்துச்சு. லிஃப்ட்லதான் உங்க அண்ணன்கிட்ட போனேன்."

"ஏன் அண்ணி, இத்தனை நாளா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். இன்னைக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு தினமும் இருந்தேன்."

துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். அவள் தேற்றவில்லை. அவன் ஓயும்வரை சாக்பீஸை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிப்பீங்களா அண்ணி?"

"டாக்டர் சொன்னதுதான். இன்னும் தெரியல." கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். "மிச்சம் பன்னிரண்டு இருக்கு. எனக்காக ஏறி உயிரை விட்றாதீங்க. இன்னொரு சாவைத் தாங்க என்னால முடியாது. ஆராய்ச்சிக்குன்னு ஏறுங்க, மெதுவா ஏறுங்க. இறங்கும்போது லிஃப்ட்ல வாங்க."

முப்பத்தெட்டாவது கோட்டைப் போட்டாள்.

அவன் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினான். ஒன்பதாவது மாடித் திருப்பத்தில் கொஞ்சம் நின்றான். பன்னிரண்டுக்குப் போனதும், ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக, வேலைக்காக இல்லாமல் தான் இறங்குவதற்கென்று லிஃப்ட் பட்டனை அமுக்கினான்.

லிஃப்ட் உடனே வந்துவிட்டது.