வெர்னா தூக்கிப்போட்ட சோபா

1

இந்தக் கதை ஒரு சோபாவிலிருந்து பிறந்தது. வெள்ளிக்கிழமை* வேலைக்குப் போகிற வழியில் அதைப் பார்த்தேன். தெருவோரமாகக் கிடந்த பச்சை சோபாவில், பூப்போட்ட கவுனில் ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் காரை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும், கதை போயிருக்கும். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

(* எங்கள் ஊரில் அன்றைக்குத்தான் பெரிய சாமான்களை அள்ளும் குப்பை லாரி வரும்.)

2

முதல் தொடக்கம்: இண்டியானாவின் சோள வயல்கள் கதிரவனின் பொற்கரங்களில்—

சே! சோளத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மறுபடி வருகிறேன்.

ராய்ஸ் ஒரு புகைப்படக்காரன். மற்றவர்கள் மலையும் அருவியுமாகத் தேடிப் போனால், இவன் சலவைக்கடை, பெட்ரோல் பங்க், பழைய டயருக்குள் நட்ட பூச்செடி என்று அலைவான். நாம் வாழ்வது இப்படித்தான் என்று காட்ட ஒரு புத்தகம் போடுகிறான். எல்லாம் தயார், அட்டைப்படம்தான் அமையவில்லை. வெர்னா (சோபா அம்மாளுக்கு நான் வைத்த பேர்) வீட்டு வராந்தாவில் அந்த சோபாவைப் பார்த்ததும் துள்ளிவிட்டான். கிழிந்த கைப்பிடியில் சுற்றிய டேப், பக்கத்தில் காப்பி டப்பா நிறைய சிகரெட் துண்டுகள்.

(சத்தமில்லாமல் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவனை நல்லவனாக்கித் தொலைத்தது நான்தான்.)

நல்லவன் கதவைத் தட்டினான்.

"மேடம், உங்க வாசலை ஒரு படம் எடுத்துக்கலாமா? நாளைக்குக் காலையில வெளிச்சம் நல்லாருக்கும்."

"மேடமாம் மேடம்! வெர்னான்னு கூப்பிடு தம்பி. புத்தகத்துல வருமா? கொலராடோ கடையிலகூடக் கிடைக்குமா?"

"கிடைக்கும்."

கொலராடோவில் அவள் மகள் ஷெல்லி இருக்கிறாள். "நீ இந்தக் குப்பையிலேயே கிட" என்று சொல்லிவிட்டுப் போனவள், அப்புறம் ஒரு போன்கூடப் போடவில்லை.

[மகளைக் கடைசிவரை ஒளித்துவைக்கத்தான் நினைத்தேன். உங்களை ஏமாற்ற மனசு வரவில்லை.]

3

மறுநாள் வந்த ராய்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. புல் வெட்டியாகிவிட்டது, வராந்தா கழுவியாகிவிட்டது, டப்பாவைக் காணோம். சோபா குப்பை லாரிக்காகத் தெருவோரத்தில் கிடந்தது. வெர்னா சர்ச்சுக்குப் போடும் கவுனும் சுருட்டிவிட்ட முடியுமாக, வாசலில் புதிதாகக் கட்டிய அமெரிக்கக் கொடிக்குக் கீழே விறைப்பாக நின்றாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க! அந்த சோபாவுக்காகத்தான் நான் வந்ததே!"

"அந்தக் கண்றாவிக்கா? உனக்கென்ன கிறுக்கா? ஊரே பார்க்கிற புத்தகத்துல எவளாவது கிழிசலைக் காட்டுவாளா?"

"நானே தூக்கி வச்சுடறேன் மேடம். ஒரே நிமிஷம்."

"ஷெல்லி பார்க்கணும் தம்பி." குரல் இறங்கிவிட்டது. "அம்மா நல்லாத்தான் இருக்கான்னு அவ பார்க்கணும்."

அதைக் கேட்டு ராய்ஸின் மனம் இளகி—

இல்லை. இளகவில்லை. கொடி, கவுன், சிரிப்பு என்று ஒப்புக்குச் சில படங்கள் எடுத்தான். ஒன்றையும் புத்தகத்தில் போடமாட்டான். அது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வெர்னாவுக்குத் தெரியாது. எழுதும்போதே எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது.

4

வெர்னாவுக்குக் கால் வலி. வராந்தாவில் உட்கார ஏது இடம்? நேரே தெருவோரத்துக்குப் போய் அந்த சோபாவிலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அப்பாடா! உயிர் வந்துச்சு."

செருப்பை உதறிவிட்டு, சிகரெட்டைப் பற்றவைத்து, தன்னை நினைத்துத் தானே சிரித்தாள். அன்று காலையில் முதல் தடவையாக அவள் நிஜமாகவே நன்றாக இருந்தாள். ராய்ஸ் கேமராவைத் தூக்கினான்.

"ஏய், இது வேணாம்! நான் சும்மா உக்காந்தேன்!"

குப்பை லாரி தெருமுனையில் இந்தப் பக்கமாகத் திரும்பிவிட்டது.

5

எடுத்தான் என்றே எழுதிவிடுவேன், எனக்குத் தயக்கமில்லை. அட்டையிலும் அதையே போடவைப்பேன். கொலராடோவில் ஒரு கடையில் ஷெல்லி அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறாள். அதுவரை என் பாடு. அதற்குமேல் அவளை எனக்குத் தெரியாது.

உங்களில் யாராவது அம்மாவோடு பேசாமல் இருந்தால், நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் உங்கள் கண்ணுக்கு முதலில் தெரிவது சோபாவா, அம்மாவா?