கறுப்பு ஜோடியும் மரநிற ஜோடியும்

ஐயாவு வீட்டு ஹாலைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "கல்யாண மண்டபமா கட்டுறீங்க?" என்பதுதான். பிள்ளைகள் இரண்டு பேரும் கோலாலம்பூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். ஐயாவு அவர்களுடைய அறைச் சுவர்களை இடித்து ஹாலோடு சேர்த்துவிட்டார். முப்பதடி நீளம், இருபத்திரண்டடி அகலம். அதற்குள் ஒரு கம்பளம், கனமான திரைச்சீலை, இரண்டே இரண்டு நாற்காலி. டிவிகூடக் கிடையாது. பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை என்றால் ஈப்போ புந்தோங்கில் யார் நம்புவார்கள்? மனுசனுக்கு முற்றிவிட்டது என்று மச்சான் ஒருவர் நேரிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

ஐயாவு அதற்கெல்லாம் அசரவில்லை. ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்து நான்கு வருடம் ஷிப்ட் பார்த்தவர் அவர். வாரம் முழுக்க ஆலைக் குவார்ட்டர்ஸில் கிடந்துவிட்டு ஒருநாள் ஈப்போவுக்கு வருவார். அந்த ஒருநாளையும் தூங்கியே தீர்த்துவிடுவார். "வேலைய விட்டதும் நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து நல்லா பாட்டு கேப்போம்" என்று மனைவி பிரமிளாவுக்கு வருடா வருடம் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்குகளில் அவர் காப்பாற்ற வேண்டியது அது ஒன்றுதான் பாக்கி. அதற்குத்தான் இந்த அறை.

ஸ்பீக்கரைத் தானே தேர்ந்தெடுப்பது என்றும் முடிவு செய்திருந்தார். ஆலையில் அவருக்குப் பாம்புச்செவி என்று பேர். ஓடுகிற மெஷின்மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால், எந்த பேரிங் அடுத்த வாரம் உயிரை விடப்போகிறது என்று சொல்லிவிடுவார். காதை அடைத்துக்கொள்ள ஆலையில் கொடுத்த பஞ்சை ஒருநாளும் அவர் வைத்ததில்லை. காதை அடைத்தால் மெஷின் பேசுவது எப்படிக் கேட்கும்? ஆளோடு பேச முகத்தைப் பார்த்தால் போதும், உதடே சொல்லிவிடும்.

ஈப்போ டவுனில் ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் கீத் ஒரு திங்கட்கிழமை லாரியோடு வந்து இறங்கினான்.

"அண்ணே, இவ்ளோ பெரிய ரூமுக்கு சின்ன ஸ்பீக்கர் எல்லாம் பத்தாதுலா. தரையில நிக்கிறதுதான் சரி. ரெண்டு ஜோடி கொண்டாந்திருக்கேன், ஒரு வாரம் வச்சுக் கேளுங்க. கடையில கேட்ட மாதிரி வீட்டுல கேக்காது."

நெஞ்சு உயரத்துக்கு நின்றன அவை. ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஒரு ஜோடி கறுப்பு, இன்னொன்று மரநிறம். சுவரை ஒட்டி வைத்தால் அடிச்சத்தம் குளறும் என்று கீத் ஒவ்வொன்றையும் விரல்கடை விரல்கடையாக முன்னால் இழுத்தான். லேசாக உள்பக்கம் திருப்பினான். கடைசியில் நாற்காலிக் கால்களைச் சுற்றிக் கம்பளத்தில் டேப் ஒட்டினான்.

"இந்த டேப்ப விட்டு நாக்காலி நகரக்கூடாது அண்ணே. ரெண்டு ஸ்பீக்கரும் உங்க மூஞ்சியப் பாக்கணும்."

"போலே, போலே, அப்புடியே ஆகட்டும். முதல்ல இதப் போடு" என்று ஐயாவு ஒரு சிடியை நீட்டினார். புந்தோங் கோயில் பஜனைக் குழு பதினைந்து வருடத்துக்கு முன்னால் பதிவு செய்தது. அதில் ஜால்ரா போட்டது பிரமிளா. இவ்வளவு பெரிய சாமானில் இந்தச் சிடியா என்று கீத்தின் முகம் தொங்கியது. வியாபாரி அல்லவா, வாங்கிப் போட்டான்.

முதலில் மரநிறம். குரல் வந்தது, ஆர்மோனியம் வந்தது, மிருதங்கம் வயிற்றில் வந்து தட்டியது. ஜால்ராவை மட்டும் காணோம். "போர்வைக்குள்ளேருந்து பாடுற மாதிரி இருக்கே" என்றார் ஐயாவு. அடுத்தது கறுப்பு. முதல் அடியிலேயே ஜால்ரா கணீரென்று ஒலித்தது.

"பிரமிளா! உன் ஜால்ரா கேக்குதுடி!"

பிரமிளா சிரித்தாள். ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள். பிறகு, "அடுப்புல பருப்பு கெடக்குங்க" என்று எழுந்து போனாள்.

மறுநாள் மழை வருகிறது, துணி எடுக்க வேண்டும் என்றாள். அதற்கடுத்த நாள் பாசாருக்குப் போகணும் என்றாள். மழை என்ற அன்று வெயில் கொளுத்தியது, பாசார் என்ற நேரத்தில் சந்தைக்காரர்கள் கடையைக் கட்டியிருப்பார்கள். பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கக் கிடக்க ஐயாவுக்கு நெஞ்சு வலித்தது. யாருக்காகச் சுவரை இடித்தேன் என்று கறுவிக்கொண்டார். சமையலறையிலிருந்து அவள் மூன்று முறை கூப்பிட்டது தன் காதில் விழவில்லை என்பதைக்கூட அவர் அவளுடைய குற்றமாகவே எடுத்துக்கொண்டார். "முணுமுணுக்காம முன்ன வந்து பேசு" என்று சீறினார்.

வெள்ளிக்கிழமை பிரமிளா தானாகவே வந்து உட்கார்ந்தாள். சிடி முழுவதும் முடியும்வரை நகரவில்லை. கை தொடையில் தாளம் போட்டது. ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே கீத்துக்குப் போன் போட்டார். "கறுப்பு ஜோடிதான்லா! நாளைக்கு வந்து மத்தத எடுத்துக்க."

போனை வைத்துவிட்டு, எழுந்து போயிருந்தவள் பின்னாலேயே போனார். பிரமிளா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "பிரமிளா" என்றார். அசையவில்லை. "ஏய், பிரமிளா!" அப்போதும் இல்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டபோது அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். காதில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. பஞ்சு. இரண்டு காதிலும்.

அவள் அவசரமாக எடுத்து முந்தானையில் மறைத்தாள்.

"குத்துதுங்க" என்றாள் மெதுவாக, அவர் முகத்துக்கு நேராக. "அந்தக் கறுப்புல ஜால்ரா ஊசியாட்டம் குத்துது. மரநிறத்துலதான் நான் போட்ட மாதிரியே கேக்குது."

"அதுல ஜால்ராவே இல்லியே!"

"இருக்குங்க."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"உங்க காதுல கோளாறுன்னு உங்ககிட்ட யாரு சொல்றது? உங்க மூஞ்சி அப்புடி மலந்து நான் எத்தன வருசமாச்சு பாத்து."

ஐயாவு நம்பவில்லை. பாம்புச்செவியாவது, கோளாறாவது. பிரமிளா சாமி அறைக்குப் போய்த் தன் பழைய ஜால்ராவை எடுத்து வந்தாள். அவரை ஹாலில் சுவரைப் பார்த்து நிற்க வைத்தாள். "ஒரு தட்டு தட்டுவேன். சத்தம் கேக்குற வரைக்கும் கையத் தூக்கி வச்சிருங்க."

டிங் என்று கேட்டது. கையைத் தூக்கினார். சத்தம் தேய்ந்தது, நின்றது. கையை இறக்கிவிட்டு, பார்த்தாயா என்று சொல்லத் திரும்பினார். பிரமிளா தலையைச் சாய்த்து ஜால்ராவை நூலில் தொங்கவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுடைய மறுகை விரல் இன்னும் மேலே இருந்தது. ஐயாவு பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் அந்த விரல் இறங்கியது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆலை அவர் காதிலிருந்து எடுத்துக்கொண்டது இத்தனையா? ஒரு மெஷினும் இதை அவரிடம் சொல்லவில்லை. அழுகை வந்தது. மறைக்கத் தோன்றவில்லை, அழுதார். பிரமிளா பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். "திங்கக்கெழம காது டாக்டர்கிட்ட போலாம். இப்ப மூஞ்சியக் கழுவுங்க" என்றாள்.

மறுநாள் கீத் வந்து மரநிற ஜோடியின் வயரில் கை வைத்தான்.

"அதுல கை வைக்காத. கறுப்ப ஏத்து" என்றார் ஐயாவு.

"அண்ணே, இதுல ஜால்ரா கேக்கலன்னீங்களே?"

"அக்காவுக்குக் கேக்குதுலா."

லாரி போன பிறகு பிரமிளா சிடியைப் போட்டுவிட்டுத் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். காதில் பஞ்சு இல்லை. மிருதங்கம் வந்தது, குரல் வந்தது. ஐயாவுக்கு ஜால்ரா மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தவர், எழுந்து தன் நாற்காலியை டேப்பை விட்டுத் தூக்கி, அவள் முகம் தெரியும்படி திருப்பிப் போட்டார்.

"கீத் நகரக்கூடாதுன்னானே?" என்றாள்.

"அவன் கெடக்குறான். ஜால்ரா வர்றப்ப வெரலத் தூக்கு."

பிரமிளா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது அடியில் அவள் விரல் மேலே போனது. அது இறங்கும்வரை ஐயாவு கேட்டுக்கொண்டிருந்தார்.