பூட்டிய கதவுக்குப் பின்னால்

கதையில் வருகிற துரைக்கு வாயுத் தொல்லை கிடையாது. மாரியாயிக்கு அந்தக் கதைகள் மேல் வந்த வெறுப்புக்கு முதல் காரணம் அதுதான். இளம்வயதில் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தவள் அவள். அங்கே இருந்து தோட்டத்தை நடத்திய துரை வாசற்படி ஏறி வந்தாலே மூச்சு வாங்குவார், சாப்பிட்டு எழுந்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டு ஏப்பம் விடுவார், ஆசையாக ஒருவரைப் பார்த்தார் என்றால் அது அவருடைய நாயைத்தான். பங்களாவில் எப்போதும் பூட்டிக் கிடந்த அறை ஒன்றும் இருந்தது. ஒருநாள் அதைத் திறந்து கூட்டச் சொன்னார்கள். உள்ளே உடைந்த கக்கூஸ் பீங்கானும் எலி கடித்த மெத்தையும் கிடந்தன.

அப்படிப்பட்டவளிடம் போய், பூட்டிய கதவு என்றால் மர்மம், துரை என்றால் ஆறடி உயரத்தில் தாடையை இறுக்கிக்கொண்டு நிற்கிற ஆண்பிள்ளை என்று யாராவது சொன்னால் சும்மா இருப்பாளா? சொன்னவள் வேறு யாருமில்லை. அவள் வீட்டுக்கு வாழ வந்த மருமகள் யசோதினி.

யசோதினிக்கு ஊர் ஹாலிஎல பக்கம். மாரியாயியின் மகன் நிமலனுக்கு வாக்கப்பட்டு தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தபோது அவள் கொண்டுவந்தது ஒரு பெட்டி, ஒரு போன், அந்தப் போனுக்குள் அடைந்து கிடந்த ஒரு கூட்டம் ராஜகுமாரர்கள். நிமலனுக்குக் கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவான். ஆகவே மாமியாரும் மருமகளும் ஒரே காம்பராவில், ஒரே அடுப்பில், ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டு இருந்தார்கள். புருஷன் செத்து, மகன் ஊரைவிட்டுப் போய், சுவரைப் பார்த்துச் சோறு தின்ற காலத்தை மாரியாயி மறந்திருக்கவில்லை. இந்தப் பெண் வந்த பிறகுதான் அவளுக்குத் திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்தது. அவள் போய்விடக் கூடாது. மாரியாயியின் மனதில் இருந்த ஒரே பயம் அது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

போனில் தினமும் ஒரு பகுதியாக ஒரு தொடர்கதை வந்தது. யசோதினி அதைப் படித்துவிட்டு, மறுநாள் மலையில் ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டே வருவாள். கதாநாயகன் பெயர் கார்வேந்தன். தேயிலைத் தோட்டத்து முதலாளி. பகலில் மனிதன், இரவில் கருஞ்சிறுத்தை. அவனுடைய கல் பங்களாவில் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் பூட்டிய கதவு ஒன்று. அதற்குள்ளிருந்து யாரோ சிரிக்கிற சத்தம். இதற்கு நடுவில் ஏழைப் பெண் ஒருத்தி அந்தப் பங்களாவில் வந்து மாட்டிக்கொண்டு, படியில் தடுக்கி விழுவதும் அவன் ஓடிவந்து தாங்கிப் பிடிப்பதுமாகக் காலம் தள்ளினாள். இத்தனை ஏக்கர் தோட்டத்தில் கொழுந்து எடுக்க மட்டும் ஓர் ஆள் கிடையாது. மலை தானாகப் பச்சையாக இருக்கும், தேயிலை தானாகப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எழுதிய மகராசி ஒருநாள் அட்டைக்கடி பட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"நம்ம மலைக்கும்தான் புலி வருது," என்றாள் மாரியாயி ஒருமுறை. "வந்தா நாயத் தூக்கிட்டுப் போகுது. எவளுக்கும் பூப் பறிச்சுக் குடுத்ததா நான் கேள்விப்படல."

பெண்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பக்கத்து நிரையில் நின்ற ராசம்மா திரும்பி, "நீ சொல்லு யசோ, பெறகு?" என்றாள்.

அந்தப் 'பெறகு?' தான் மாரியாயிக்குப் பொறுக்கவில்லை. வயதுக்கு வந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள், கையில் வெடிப்பும் இடுப்பில் படங்குச் சாக்குமாக நிற்பவர்கள், சிறுத்தையாக மாறுகிற துரைக்காக வாயைப் பிளந்துகொண்டு 'பெறகு?' என்கிறார்கள். வேலையை மேற்பார்க்கிற கங்காணி வீரய்யாகூட செடியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார். "எனக்கு அந்தக் கோடி நிரையக் குடுங்க கங்காணி, இந்தக் கண்றாவி காதுல விழக் கூடாது," என்று கேட்டு வாங்கிக்கொண்டு அவள் ஒதுங்கிப் போனாள். அன்றிலிருந்து கதையில் ஒரு சொல்கூட அவள் காதில் விழவில்லை. அதில் அவளுக்குப் பெருமையும்கூட.

ஆனால் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. ஆறடி துரையைப் பார்த்துப் பழகுகிற கண்ணுக்கு நிமலன் எப்படித் தெரிவான்? குட்டையான பிள்ளை. முன்தலையில் முடி கொட்டத் தொடங்கிவிட்டது. போனில் பேசினால், "தண்ணி வந்துச்சா? அரிசி இருக்கா?" என்பதைத் தாண்டி அவனுக்கு வாயில் வேறொன்றும் வராது.

அப்படியிருக்க, யசோதினி அந்தி நேரத்தில் தனியாக வெளியே போகத் தொடங்கினாள். வேலை முடிந்து வந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு, செடி வெட்டிவிட்ட கவ்வாத்து மலையில் மிலாறுக் குச்சி பொறுக்கப் போகிறேன் என்பாள். அடுப்புக்கு விறகு வேண்டியதுதான். ஆனால் அவள் கொண்டுவருகிற கட்டு ஒரு கேத்தல் தேத்தண்ணிக்குக்கூடக் காணாது, முகம் மட்டும் விளக்கு ஏற்றினாற்போல் இருக்கும். போகிற வழியும் பங்களாப் பக்கம். அந்தப் பழைய பங்களாவை இப்போது ஹோட்டலாக்கிவிட்டார்கள். எல்ல டவுனிலிருந்து வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு வேன்கள் வந்து போகும். அதில் ஒரு வேன்காரன் உயரமாக, தாடி வைத்துக்கொண்டு இருப்பதை மாரியாயி பார்த்திருக்கிறாள்.

அவ்வளவு போதாதா? பங்களா, உயரமான ஆள், தனியாகப் போகிற பெண், யாரும் அறியாத ரகசியம். கதை என்றாலே மூஞ்சியைச் சுளிக்கிற மாரியாயி, போனும் இல்லாமல் எழுத்தும் தெரியாமல், அதே கண்றாவியைத் தன் தலைக்குள் தானே கட்டி முடித்தாள். எழுதுகிறவளுக்காவது அதற்குக் காசு கிடைத்தது.

ஒரு மாலை பின்னாலேயே போனாள். பங்களாவின் பின்புறக் கல்கட்டில் யசோதினி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மாரியாயி கருப்பந்தைல மரத்துக்குப் பின்னால் நின்றாள். ஆள் யாரும் கண்ணில் படவில்லை. குரல் மட்டும் கேட்டது. அழுகிற மாதிரி, கெஞ்சுகிற மாதிரி, காம்பராவில் ஒருநாளும் கேட்டிராத குரல்.

"கதவை அடைச்சிடுங்க. உங்க தோள்ல ரத்தம் வடியுது. யார் பார்த்தாலும் எனக்குப் பயமில்லை. இந்த வீட்டுல எனக்குன்னு யாரும் இல்லை. என்னை ஒரு மனுஷியா யாரும் பார்க்கலை. நீங்க ஒருத்தர்தான் பார்த்தீங்க. என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

அந்த ரத்தம் வடிகிறவன் யார் என்று பார்க்கக்கூட மாரியாயிக்குத் துணிவு வரவில்லை. வந்த வழியே இறங்கி ஓடினாள்.

லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்துக்குள் எது முறுக்கிக்கொண்டாலும் அதைக் கொண்டுபோய் நாலு பேர் முன்னால் வைத்துவிடுவார்கள். வைத்துவிட்டால் பிறகு யாரும் தன்னிஷ்டத்துக்கு முடிவெடுக்க முடியாது, மலையே காவல். மாரியாயியின் கணக்கும் அதுதான். ஊர் அறிந்துவிட்டால் இவள் எங்கே ஓடுவாள்? மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில், எல்லாரும் சாக்கை இறக்கிவிட்டு நிற்கும்போது, தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. கங்காணி, நீங்களும் கேளுங்க. என் மருமக பங்களாப் பக்கம் எவனோடயோ பேசுறா. என் காதால கேட்டேன். 'கதவை அடைச்சிடுங்க'ங்கிறா. 'யார் பார்த்தாலும் பயமில்லை'ங்கிறா. அவன் தோள்ல ரத்தம் வடியுதாம், இவளுக்குப் பொறுக்கலயாம். இந்த வீட்டுல எனக்குன்னு யாரும் இல்லை..."

"'என்னை ஒரு மனுஷியா யாரும் பார்க்கலை, நீங்க ஒருத்தர்தான் பார்த்தீங்க'," என்று மிச்சத்தைச் சொன்னாள் ராசம்மா.

மாரியாயி திகைத்தாள். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அது நேத்து வந்த பகுதி, அக்கா. காலையில நிரையில யசோ சொல்லிச்சே. மலைக்கே தெரியும். தோள்ல வெட்டுப்பட்டது கார்வேந்தனுக்கு."

"கதவுக்குப் பின்னால இருந்து எவனோ வெட்டிட்டான்," என்றார் வீரய்யா கங்காணி. சொன்ன பிறகுதான் தனக்குக் கதை தெரியும் என்று காட்டிக்கொண்டது உறைத்து, தராசு முள்ளைப் பார்க்கத் தொடங்கினார்.

பிறகு சிரிப்பு. சாக்கைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். ஒரே ஒரு நாள் காது கொடுத்திருந்தால் போதும், இந்த மானக்கேடு வந்திருக்காது. மலையில் அந்தக் கதை தெரியாத ஒரே ஆள் அவள்தான்.

"அப்ப யாருக்குச் சொன்னா? காத்துக்கா?" என்றாள் மாரியாயி.

"ஒங்க மகனுக்கு," என்றாள் யசோதினி. அவள் சிரிக்கவில்லை. "லயத்துல சிக்னல் நிக்க மாட்டேங்குது. அங்க போனாத்தான் கெடைக்குது. அவரு நாளெல்லாம் சீமெந்து மூட்டை தூக்குறாரு, கண்ணெல்லாம் தூசி, வாசிக்க முடியல. நான் வாசிச்சுக் காட்டுறேன். அவருக்குப் பேச வராது மாமி. கதையில அந்தாளு ஏதாவது பேசுறப்ப, 'நானும் இதத்தான் ஒன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்'ங்கிறாரு. அதுக்காகத்தான் போறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த இடத்தில் மாரியாயி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'தெரியாமப் பேசிட்டேன் பிள்ள' என்றால் முடிந்துபோயிருக்கும். ஆனால் வெறுத்துப் பழகிய வாய் அது.

"என் மகன் இந்தக் குப்பையக் கேக்க மாட்டான். நீ நாடகம் ஆடுற," என்றாள்.

யசோதினி இடுப்புப் படங்கை அவிழ்த்து, மடித்து, தராசுப் பலகையில் வைத்தாள். அந்த வாரமே நிமலன் கொழும்பில் ஓர் அறை பிடித்து, அவளை வரச் சொன்னான். யசோதினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "போயிட்டு வாரேன் மாமி. அரிசி பானையில இருக்கு. கேத்தலுக்கு மூடி கழண்டுக்கிட்டு வருது, பாத்து ஊத்துங்க," என்றாள். அழுதிருந்தால் தாங்கியிருக்கலாம், ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம். மரியாதையாகப் போகிறவளை என்ன செய்வது? 'என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க' என்று கதைக்காரி எழுதிய வசனம் அப்படியே பலித்தது. பலிக்க வைத்தவள் மாமியார்தான்.

மலை ஊமையாகிவிட்டது. மற்றப் பெண்களிடமும் போன் இருந்தது. ஆனால் நாளெல்லாம் கொழுந்து எடுத்த கண்ணுக்குப் பொடி எழுத்தைப் படிக்கத் தெம்பில்லை, யசோதினி மாதிரிச் சொல்லவும் யாருக்கும் வரவில்லை. ஒரு பெண்ணின் பெயரைச் சந்தியில் இழுத்ததைக்கூட மாரியாயிக்கு அவர்கள் மன்னித்துவிட்டார்கள். கதையைப் பாதியில் நிறுத்தியதை மன்னிக்கவில்லை. கோடி நிரையைக் கேட்காமலே அவளுக்குக் கொடுத்தார் வீரய்யா.

காம்பராவில் திரும்பவும் அவளும் அடுப்பும் சுவரும். பொறுத்துப் பார்த்தாள். ஒரு மாலை, தன் பழைய பட்டன் போனை முந்தானையில் முடிந்துகொண்டு பங்களாப் பின்புறம் ஏறினாள். அதே கல்கட்டில் உட்கார்ந்து மகனை அழைத்தாள்.

"அம்மாவா? தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு."

"அரிசி இருக்கா?"

"இருக்கு."

தனியாக இருக்க முடியவில்லை, அவளை அனுப்பு, நான் பேசியது தப்பு என்று சொல்லத்தான் ஏறி வந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. மகனுக்குப் பேச வராதது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கடைசியில் வாயில் வந்தது வேறு.

"அந்தக் கதவுக்குப் பின்னால யாருடா இருந்தா?"

நிமலன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. பக்கத்தில் யசோதினியின் குரலும் கேட்டது.

"அத இன்னும் தெறக்கலம்மா. இன்னக்கித்தான் தெறக்கப் போறாங்க. யசோ போனோட ஒக்காந்துட்டா. நான் நாளைக்குப் பேசுறேன், வச்சிடுறேன்."

வைத்துவிட்டான். அவள் போனைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த நேரத்தில் கொழும்பில் கதவு திறந்துகொண்டிருக்கும். உள்ளே யார் என்று இரண்டு பேருக்குத் தெரிந்துவிடும். அந்த இரண்டு பேரில் தான் இல்லை என்பது நெஞ்சை அறுத்தது.

மறுநாள் மலையில் கோடி நிரையை விட்டு ராசம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேத்து மகன்கிட்டப் பேசினேன்," என்றாள் மாரியாயி. "கதவத் தெறந்துட்டாங்களாம்."

கைகள் எல்லாம் ஒருசேர நின்றன. வீரய்யாவே நேராகத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள யாரு, அக்கா?" என்றாள் ராசம்மா.

எலி கடித்த மெத்தை என்றுதான் முதலில் சொல்ல வந்தாள். அத்தனை கண்களும் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் சொல் மாறிவிட்டது.

"ஒரு பொம்பள. வயசானவ. அவள யாரும் வெளிய இருந்து பூட்டி வைக்கல. உள்ள தாப்பாளப் போட்டுக்கிட்டது அவளேதானாம். வெளிய வந்தா நாலு வார்த்த நல்லதாப் பேச வேண்டி வருமேன்னு."

"பெறகு?" என்றாள் ராசம்மா.

மாரியாயி செடியைப் பார்த்தாள், கையில் இருந்த கொழுந்தைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை.

"பெறகு ஒண்ணுமில்ல," என்றாள். "கொழுந்த எடுங்க."