அக்கா பேசிய ஏழு நிமிடம்

காலை ஆறரைக்கு மச்சினியை எழுப்பினான். "பல் தேய்." தேய்த்துவிட்டு வந்தாள். "குளி." குளித்துவிட்டு வந்தாள். "தலை சீவு." இரண்டைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றுதான் நடக்கும். மூன்றைச் சொன்னால் அதுவும் நடக்காது; கூடத்தின் நடுவில் நின்று அவன் முகத்தையே பார்ப்பாள். இருபத்திரண்டு வயது. டவுன் சின்ட்ரோம். காதில் விழுவது அவளிடம் தங்காது.

மனைவி போய் ஐந்து மாதம். சின்ன ஆபரேஷன்தான், மத்தியானம் வந்தால் போதும் என்றிருந்தாள். உள்ளே கொண்டுபோவதற்கு முன் அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். அவன் மீட்டிங்கில் இருந்தான், எடுக்கவில்லை. உடனே வீட்டில் இருந்த தங்கையிடம் பேசியிருக்கிறாள், ஏழு நிமிடம். என்ன பேசினாள் என்று கேட்டுக் கேட்டு அவனுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. ஒரு நாள் "மாமாவ நல்லா பாத்துக்கச் சொன்னா" என்பாள். மறுநாள் "எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரச் சொன்னா" என்பாள். நான்கு முறை வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

அன்று பயிற்சி நிலையத்தில் அவளை விடும்போது டீச்சரிடம் இதைச் சொன்னான்.

"அக்கா சொன்னதக் கேட்டா எங்க சார் வரும்? நீங்க கேக்கறீங்களேன்னு எதையாவது சொல்லி வைப்பா. அப்போ இவ என்ன செஞ்சான்னு கேளுங்க. கையால செஞ்சது நிக்கும்."

சாயங்காலம் போனை அவள் கையில் கொடுத்தான்.

"அன்னிக்கு அக்கா பேசினப்போ நீ என்ன செஞ்ச? செஞ்சு காட்டு."

"ஐஸ்கிரீம் உண்டா?"

"உண்டு."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியபடி மாடிக்கு ஏறினாள். வெறும் கொடியிலிருந்து எதையோ உருவினாள். தலையைத் துடைத்துக்கொண்டாள். ஆமாம், அன்று மழை. கீழே வந்து கட்டிலில் உட்கார்ந்து மடித்தாள். கைகளை முதலில், பிறகு காலரை. ஒவ்வொன்றும் முடிந்ததும் நிறுத்தி, "ம், ஆச்சுக்கா" என்றாள்.

அவனுடைய சட்டை. அன்று அவள் மடித்து வைத்ததென்று தெரியாமல் அதை எத்தனை முறை போட்டுத் துவைத்திருப்பான்.

சேதி எதுவும் இல்லை. தங்கையிடம் சேதி சொல்லியனுப்ப முடியாதென்று மனைவிக்குத் தெரியாதா என்ன? ஒவ்வொன்றாகச் சொல்லி, அவள் செய்து முடிக்கும்வரை காத்திருந்திருக்கிறாள். அதற்குத்தான் ஏழு நிமிடம்.

மச்சினி அவன் அலமாரியைத் திறந்து, இரண்டாம் தட்டில் வைத்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் கட்."

"கட்டாகறதுக்கு முன்னாடி?"

அவள் யோசிக்கவில்லை. அலமாரிக் கதவை உள்ளங்கையால் தள்ளினாள். கையோடு சொல்லும் வந்தது, அக்காவின் அதே அதட்டலில்:

"இன்னும் அழுத்துடி. சாத்தியாச்சா? சரி, போன வச்சிடட்டா?"